வேப்பிலையும் வைக்கோலும்: பாளையங்கோட்டையில் ஊமைத்துரை நிகழ்த்துகை

பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, பாளையங்கோட்டைப் பழைய கோட்டையின் மேற்கு வாசலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு பள்ளி மைதானத்தில், எங்கள் வட்டாரத்துத் தன்னார்வலர்கள் ஏறக்குறைய நாற்பது பேர் சேர்ந்து, ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியதையும் அதன்பின் நடந்த போரையும் இரண்டரை மணி நேரம் நிகழ்த்திக் காட்டினார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு பித்தளைக் குடம் வைத்திருந்தார்கள். விரும்பியவர்கள் விரும்பியதைப் போட்டார்கள். எந்த அரசு நிதியும் பெரிய புரவலரும் இல்லாமல், ஏழு மாத ஒத்திகையை மட்டும் நம்பி மேடையேறிய இந்த நிகழ்த்துகையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று அன்றிரவே முடிவு செய்தேன். அவ்வளவு தூரம் அது என்னை ஆட்கொண்டிருந்தது.

கட்டபொம்மன் கதை திருநெல்வேலிச் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டதோடு பாஞ்சாலங்குறிச்சியின் வரலாறு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களே நம்மில் அதிகம். உண்மையில் அதற்குப் பிறகு நடந்தது அதைவிடப் பெரிய போர். கட்டபொம்மனின் தம்பி, பேச்சு வராத காரணத்தால் ஊமைத்துரை என்று மக்களால் அழைக்கப்பட்ட குமாரசாமி, செவத்தையா முதலிய உறவினர்களோடு பாளையங்கோட்டையில் ஓராண்டுக்கு மேல் விலங்கிட்டு அடைக்கப்பட்டிருந்தார். 1801 பிப்ரவரி 2 அன்று மாலை அவர்கள் காவலை முறித்துத் தப்பினார்கள். ஏறத்தாழ 30 மைல் தொலைவிலிருந்த பாஞ்சாலங்குறிச்சியை மறுநாளுக்குள் அடைந்தார்கள். கும்பினியார், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் மண்ணால் எழுப்பினார்கள். ஆறே நாள் என்பது ஊரில் வழங்கும் கணக்கு. மார்ச் 31 அன்று பீரங்கிகளோடு வந்து தாக்கிய படையை அந்த மண்சுவர் திருப்பியனுப்பியது. மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து மீண்டும் போரிட்டு, பிடிபட்டு, 1801 நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். அண்ணன் கதையின் நிழலில் மறைந்துபோன இந்த ஒன்பதரை மாதங்களைத்தான் இந்தக் குழு தன் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தேர்வே முதல் பாராட்டுக்கு உரியது.

நிகழ்த்துகை வில்லுப்பாட்டில் தொடங்குகிறது. நம் மண்ணில் இறந்துபட்ட வீரர்களின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. கொடை விழாவில் சாமிகளின் கதையைக் கேட்ட காதுகளுக்கு, வில்லின் மணியும் குடத்தின் அடியும் கேட்ட மாத்திரத்தில் இனி வரப்போவது ஒரு மரணத்தின் கதை என்று புரிந்துவிடும். புலவராக அமர்ந்த பெரியவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீசுகோலைத் தூக்கிப் பிடித்து, ‘சிறைக்குள்ளே அம்மை வந்தது’ என்று இழுத்துப் பாடியபோது, பின்பாட்டுக்காரர்கள் அந்த ஒரு வரியை மூன்று முறை திருப்பிச் சொன்னார்கள். நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. அந்த வரியில்தான் மொத்த நிகழ்த்துகையின் முடிச்சு இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

கைதிகளுக்குள் அம்மை நோய் பரவியதால் அவர்களுடைய விலங்குகள் சில நாட்களுக்கு முன்பு கழற்றப்பட்டிருந்தன என்பது அக்காலத்துக் கும்பினி அதிகாரிகளே பதிவு செய்த செய்தி. குழுவினர் இதை ஒரு தகவலாகச் சொல்லிக் கடந்துபோகவில்லை. விலங்கு கழற்றும் காட்சிக்கு முழுதாக எட்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு கொல்லர் உளியும் சுத்தியலுமாக வந்து ஒவ்வொரு கைதியின் காலடியிலும் குந்தி உட்கார்ந்து தட்டுகிறார். வேறு எந்த ஓசையும் இல்லை. கழன்ற விலங்கு தரையில் விழும் ஓசை, மீண்டும் தட்டும் ஓசை, அவ்வளவுதான். விலங்கு போன பிறகும் ஒரு கைதி பழக்கத்தினால் காலை அகற்றி அகற்றி நடக்கிறார். நாலு எட்டு வைத்த பிறகுதான் தன் கால்கள் தன்னுடையவை என்று அவருக்கு நினைவு வருகிறது. அந்த நாலு எட்டுக்காக அந்த இளைஞர் இரண்டு மாதம் ஒத்திகையின்போது காலில் சணல் கயிறு கட்டிக்கொண்டு நடந்தாராம். அவர் நகரப் பேருந்தில் நடத்துநராக இருப்பவர்.

திருச்செந்தூருக்குப் போகும் பக்தர்களைப் போலவும் விறகு விற்பவர்களைப் போலவும் வேடமிட்டு, கட்டுகளுக்குள் ஆயுதங்களை மறைத்துக்கொண்டு ஆட்கள் கோட்டைக்குள் நுழைந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இதை மேடையில் காட்டாமல் பார்வையாளர்களுக்கு நடுவில் நடத்தினார்கள். ‘விறகு, விறகு’ என்று கூவிக்கொண்டு நம் நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து வந்தவர்களை நான் உண்மையாகவே வழி தவறி வந்தவர்கள் என்று எண்ணிக் காலை ஒதுக்கி இடம் விட்டேன். அதே நேரத்தில் மேடையின் மறுபக்கத்தில் மேஜர் மெக்காலேயின் தோட்டத்தில் வெள்ளை அதிகாரிகளும் பெண்களும் விருந்து உண்கிறார்கள். அன்று மாலை அப்படி ஒரு விருந்து நடந்ததும் பதிவில் உள்ள உண்மையே. விருந்து மேசையின் விளக்குகளும் சிறையின் இருட்டும் ஒரே பார்வையில் படும்படி அமைத்த அந்த ஏற்பாட்டுக்குச் செலவு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் இருந்த சிந்தனை பெரியது.

இனி வைக்கோல் காட்சி. கும்பினிப் படையில் அதிகாரியாக இருந்து இந்தப் போரில் நேரடியாகப் பங்கெடுத்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் அச்சான தம் நினைவுக்குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி வியப்போடு எழுதியிருக்கிறார். தாம் அறிந்த மனிதர்களிலேயே மிக அரியவர்களுள் ஒருவர் என்னும் பொருள்படப் பகைவரைப் பற்றி ஒரு போர் வீரர் எழுதுவது எளிதில் நடப்பதன்று. பேச்சில்லாத ஊமைத்துரை தம் படையினருக்கு எப்படிக் கட்டளையிட்டார் என்பதையும் அவர் விவரித்திருக்கிறார்: சிறு சிறு வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்கி, அவைதாம் ஆங்கிலப் படை என்று காட்டி, சைகைகளால் நேரத்தையும் வழியையும் உணர்த்தி, பிறகு மறு கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து வாயால் ‘உஸ்ஸ்’ என்று ஓசை எழுப்புவாராம். அதுதான் தாக்குதலுக்கான அடையாளம். தாக்குதலில் முன்னால் நிற்பவரும் பெரும்பாலும் அவரே.

ஊமைத்துரையாக நடித்தவர் ஒரு தையற்கலைஞர், நாற்பது வயதிருக்கும். கோட்டைச் சுவரின் நிழலில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஊசியில் நூல் கோக்கும் விரல்கள் என்பதால் அந்தச் சிறு துண்டுகளை எடுத்ததில் ஓர் அவசரமின்மை இருந்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சுக் காட்டாமல் அந்தக் கையையே பார்த்தார்கள். என் முன்வரிசையில் செவித்திறன் இல்லாத மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காது கேளாதோருக்கான பள்ளியால் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர் பாளையங்கோட்டை. கைகளால் பேசிக்கொண்டு போகும் பிள்ளைகளை இந்த ஊர்த் தெருக்களில் பார்ப்பது புதிதன்று. மேடையில் அந்தக் கை வீசப்படுவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கிவிட்டது. ஒருவன் மற்றவன் தோளைத் தட்டி, ‘இப்போது பார்’ என்பது போல் விரலைக் காட்டினான். வைக்கோல் பறந்தது. உறுமி முழங்கியது. பின்னால் இருந்த நாங்கள் கை தட்டத் தொடங்குவதற்குள் அந்தப் பிள்ளைகள் இரு கைகளையும் மேலே தூக்கி விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு தலைவரைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னதாக அவர்கள்தாம் புரிந்துகொண்டார்கள். வரலாற்றை நிகழ்த்திக் காட்டுவதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்தத் தையற்கலைஞரிடம் பேசினேன். சைகை மொழியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, ‘என் தங்கச்சி மகனுக்குப் பேச்சு வராது அண்ணாச்சி. அவன்கிட்ட சண்டை போட்டுச் சண்டை போட்டே படிச்சது. இந்த வேசத்துக்கு அவன்தான் எனக்கு வாத்தியார்’ என்றார். ஒத்திகை நடந்த ஏழு மாதமும் அந்தப் பையன் கூடவே வந்து, மாமா கையை எங்கே தவறாகக் காட்டுகிறார் என்று திருத்தியிருக்கிறான்.

மே 24 போரைச் சுருக்கமாகவே காட்டினார்கள். அது சரியான முடிவு. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு பெரும் போரைக் காட்ட முயன்றிருந்தால் அது ஓட்டமும் கூச்சலுமாக முடிந்திருக்கும். தேவராட்ட அடிகளோடு ஒரு வரிசை முன்னேறுகிறது, ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள், உறுமி நிற்கிறது. அவ்வளவில் விளக்கு அணைந்து, இருட்டில் கையில் சிறு விளக்குகளோடு பெண்கள் வருகிறார்கள். பிணங்களுக்கு நடுவில் தம்மவர்களைத் தேடி வந்த அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் அவர்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் இருக்கிறது. அவள் தூக்கப் போகும்போது அந்த மகன், தன்னை விட்டுவிடும்படியும் பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் கேட்கிறான். ஊமைத்துரையை மக்கள் சாமி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தாய் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கும்பினியாரின் பக்கம் நின்று அவரைத் தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியபோது, பெண்கள் அவர்மீது துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்து, அம்மை கண்டு இறந்தவர் என்று சொல்லிவிடுகிறார்கள். வந்தவர்கள் அஞ்சி விலகி ஓடுகிறார்கள். இதுவும் வெல்ஷ் எழுதி வைத்த செய்தியே.

வில்லுப்பாட்டுப் புலவர் தொடக்கத்தில் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்த வரியின் காரணம் இங்கே விளங்குகிறது. சிறையில் விலங்கைக் கழற்றியதும் அம்மை. போர்க்களத்தில் உயிரைக் காத்ததும் அம்மை. குழுவினர் இந்த இரண்டையும் வேப்பிலையால் இணைத்திருந்தார்கள். சிறைக் கதவில் செருகியிருந்த அதே வேப்பங்கொத்தைத்தான் அந்தத் தாய் இப்போது துணியின் மேல் வைக்கிறாள். இந்த நாட்டில் அம்மையை நோய் என்று சொல்ல வாய் வராதவர்கள் நாம். அம்மா வந்திருக்கிறாள், அம்மா இறங்கியிருக்கிறாள் என்றுதான் சொல்வோம். ஆகையால் மேடையில் வேப்பிலையைப் பார்த்ததும் என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆச்சி தம்மை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக இந்தப் போரைப் பற்றிப் படித்து வரும் எனக்கு இந்த இணைப்பு தோன்றியதே இல்லை. ஒரு பீடி சுற்றும் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. தாயாக நடித்ததும் அவர்தான். ‘கிட்ட வராதிய அய்யா, அம்மா விளையாடுதா’ என்று அவர் சொன்ன குரலில் அழுகை இல்லை. பின்னால் இருட்டில் தன் மகன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும், அதை வெளியே காட்டினால் சாமியின் உயிர் போய்விடும் என்பதால், இன்னொருவர் மகனுக்காகப் பொய் ஒப்பாரி வைக்கிற ஒரு பெண்ணின் குரலாக அது இருந்தது. அந்தத் தாயின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு இந்த மாவட்டத்தில் சிலையும் இல்லை, சாலைப் பெயரும் இல்லை.

நம் மாவட்டங்களில் வீரர்களின் பெயர்கள் சாதிக்கு ஒன்றாகப் பங்கு பிரிக்கப்பட்டு, பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் காவல் துறை பாதுகாப்போடு மாலை போடப்படுகின்றன. இந்தக் குழு அந்த வேலியை ஒரு வார்த்தையும் பேசாமல் தாண்டியிருக்கிறது. எந்தத் தெருவிலிருந்து எவர் வந்தார், எவர் எந்த வேடம் போட்டார் என்பதற்கு அங்கே தொடர்பே இல்லை. எட்டயபுரத்து ஆட்களாக நடித்தவர்களையும் கொடியவர்களாகக் காட்டவில்லை; அம்மை என்று கேட்டதும் நடுங்கிப்போகும், வீட்டில் பிள்ளைகுட்டி உள்ள சாதாரண மனிதர்களாகவே காட்டினார்கள். இது சிறிய காரியம் அன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். கும்பினிப் படையினர் அனைவருக்கும் முகத்தில் வெள்ளை மாவு பூசியிருந்தது தவறு. அந்தப் படையில் பெரும்பான்மையோர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மொழி பேசியவர்கள் நின்றார்கள் என்பதுதான் அந்தப் போரின் மிகப் பெரிய துயரம். அதைக் காட்டும் துணிவு இந்தக் குழுவுக்கு நிச்சயமாக உண்டு. அடுத்த முறை காட்ட வேண்டும். இறுதித் தூக்குமேடைக் காட்சி நீளமாக இருந்தது. நமக்கெல்லாம் பழகிப்போன திரைப்பட வசன நடை அங்கே மட்டும் உள்ளே நுழைந்துவிட்டது. பேசாத மனிதரைச் சுற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி இரண்டாம் பகுதியில் இருமுறை நின்றுபோனது. ஆனால் வில்லுப்பாட்டுக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டே போனார்கள், அந்தச் சில நிமிடங்கள் ஒலிபெருக்கி இருந்த நேரத்தைவிட நன்றாகவே இருந்தன.

எனக்கு உண்மையான வருத்தம் தந்தது பாராட்டு விழா. நிகழ்த்துகை முடிந்ததும் மேடையில் நாற்காலி போட்டு, வந்திருந்த பிரமுகர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சால்வை அணிவித்து, அவர்கள் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நாற்பது கலைஞர்களும் ஒப்பனையைக் கூடக் கலைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர்களை மொத்தமாக மேடையில் நிறுத்தி ஒரு புகைப்படம் எடுத்ததோடு சரி; பெயர்கள் கூட வாசிக்கப்படவில்லை. பெயர் தெரியாத ஒரு தாயின் கதையை இரண்டரை மணி நேரம் சொன்னவர்களையே நாம் பெயர் இல்லாமல் அனுப்பி வைத்தோம். இவர்களுக்குச் செய்ய வேண்டிய சிறப்பு சால்வையில் இல்லை. ஒத்திகைக்கு நிலையான ஓர் இடம் வேண்டும். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் ஒத்திகை நடக்கிறது. பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒத்திகைக்கு வந்த நாளில் இலையும் தூளும் அப்படியே கிடக்கும், அன்றைய கூலி கிடையாது. அந்த இழப்பை ஈடு செய்ய ஒரு சிறு நிதி வேண்டும். வாசலில் கொடுக்கும் தாளில் நாற்பது பேரின் பெயரும், அவரவர் செய்யும் தொழிலும், போடும் வேடமும் அச்சிடப்பட வேண்டும். பள்ளிகள் ஆண்டு விழாவுக்கு இவர்களை அழைத்து, போக்குவரத்துச் செலவையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் தந்தால் அது எந்தப் பட்டயத்தையும்விட மேலானது.

பாஞ்சாலங்குறிச்சியில் மே மாதம் நடக்கும் வீரசக்கதேவி கோயில் திருவிழாவை ஒட்டி இதே நிகழ்த்துகையை அந்த மண்ணிலேயே நடத்த அனுமதி கேட்டிருக்கிறார்கள். கிடைத்தால் நான் குடும்பத்தோடு போவேன். போகிறவர்கள் பகலிலேயே போய்விடுவது நல்லது. 1974இல் கட்டப்பட்ட நினைவுக் கோட்டையையும், ஊருக்கு வெளியே போரில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மேடையில் நடப்பது வேறு விதமாகப் பொருள்படும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் போர்க்களத்து இருட்டு அச்சம் தரக்கூடும். மைதானத்தில் குடிநீர் ஏற்பாடு போதாது, ஆகையால் தண்ணீர் கொண்டு போங்கள். நாற்காலியில் இடம் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னால் விரித்திருக்கும் ஜமுக்காளத்தில், மேடைக்கு இடப்பக்கமாக உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் அந்த உள்ளங்கையில் எத்தனை வைக்கோல் துண்டுகள் இருக்கின்றன என்பது தெரியும்.